வண்டிக்கு ஒரு வழிகாட்டி

யப்பானிலே சில ஆண்டுகள் ஓடிப் பின் கப்பலேறி இலங்கை வந்துசேர்ந்த மோட்டார் வண்டிகள் இன்று நம் வீதிகளிலே ஏராளம். அவற்றுட் பலவற்றின் முகப்பிலே ஒரு கண்ணாடித் திரை பதிக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருகியதும் ஒரு பெண்குரல் மிகுந்த பணிவோடு ஏதோ கூறும். கூறுவது யப்பானிய மொழி. திரையிலே தோன்றுவது யப்பான் நாட்டுத் தேசப்படம். வண்டி வெள்ளவத்தையிலே நின்றாலென்ன, வவுனியாவிலே நின்றாலென்ன, அந்த அம்மையார் அறிந்த வீதிகளெல்லாம் தோக்கியோவிலும் ஒசாக்காவிலுமே உள்ளன. பாவம், அவர் என் செய்வார்! அவருக்கு நம் நாட்டைப் பற்றி எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதனால், முன்கண்ணாடியிலே ஒட்டிவைக்கத்தக்க சிறிய வழிகாட்டிக் கருவியொன்றைத் தனியே வாங்கலாமா என்று எண்ணுவோர் பலர். உள்ளங்கையளவான அப்பெட்டியை வேண்டியபோது வண்டியில் வைக்கலாம். வேண்டாதபோது எடுத்து வீட்டிலே பூட்டி வைக்கலாம். நெடும் பிரயாணம் செல்லும் தம்பிக்கு இரவலாகவும் கொடுக்கலாம். ஆனால் வாங்கப் புகுந்தவர் கடையிலே கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் “விலை என்ன?” என்பது. இரண்டாவது கேள்வி, “திரை எத்தனை அங்குலம்?” என்பது. கேட்கவேண்டிய கேள்வியோ பிறிதொன்று. பெட்டியின் விலையிலே சிக்கனம் பிடித்தாற் பெரிய நட்டமில்லை. பெட்டிக்குள் இருக்கும் தேசப்படத்திலே சிக்கனம் பிடித்தால், இரவிலே நடுக்காட்டில் நிற்க நேரும்.

வாயிருக்க வழி கேட்க அஞ்சுவானேன் என்று கூறும் பெரியவர்கள் நம்மிடையே உளர். அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே பகற்பொழுதில் ஒரு வீட்டைத் தேடிச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படலையில் நிற்கும் முதியவர் சொல்லுவார்: “தம்பி, உந்த ஒழுங்கையாலை நேரை போங்கோ. வைரவர் கோயிலடி வரும், அதிலை திரும்பாதேங்கோ. அங்காலை ஒரு பட்ட பனை நிக்கும். அதடியிலை சோத்துக்கைப் பக்கம் திரும்பினால் மூண்டாம் படலை.” இதனினும் திருத்தமான வழிகாட்டல் எந்த யந்திரத்திலும் இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அம்முதியவர் படலையில் நிற்கமாட்டார். பட்ட பனையும் இருளிலே தெரியாது. நோயாளியை ஏற்றிக்கொண்டு அறியாத ஊரிலே ஆஸ்பத்திரி தேடுகிறவருக்கும், விடியற்காலை நாலு மணி முகூர்த்தத்துக்கு மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள ஒரு மண்டபத்தைத் தேடுகிறவருக்கும் வழி கேட்க ஆளில்லை. கருவியின் பயன் அங்கேதான் தொடங்குகிறது.

செய்மதி அறிவதும் அறியாததும்

இக்கருவி வானத்தோடு பேசுகிறது என்றும், வானத்திலிருந்து எவரோ நம்மைக் கவனிக்கிறார் என்றும் நம்புவோர் உண்டு. இரண்டும் பிழை. வானொலிப் பெட்டியைப் போல இக்கருவியும் கேட்கிறதேயன்றிப் பேசுவதில்லை. ஜீ.பீ.எஸ். எனப்படும் ஏற்பாட்டை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1973ஆம் ஆண்டிலே தொடங்கியது. முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. முழு ஏற்பாடும் 1995இல் நிறைவெய்தியது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்திலே இச்செய்மதிகள் சுற்றி வருகின்றன. இருபத்து நான்கு இருந்தாற் போதும். இன்று முப்பதளவிற் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் அணுக் கடிகாரங்களைத் தாங்கிக்கொண்டு, “நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது” என்று ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கிறது.

அவ்வறிவிப்பு நம்மை வந்தடைய ஒரு செக்கனின் நூற்றில் ஏழு பங்களவு நேரம் செல்கிறது. அத்தாமதத்தை அளந்தால் செய்மதியின் தூரம் தெரியும். மூன்று செய்மதிகளின் தூரம் தெரிந்தால் நாம் நிற்குமிடம் தெரியவேண்டும். ஆயினும் நம் கையிலுள்ள பெட்டியின் கடிகாரம் மலிவானது. அது ஒரு செக்கனிலே பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் கணக்கு 300 மீற்றர் பிசகிவிடும். அப்பிழையைத் திருத்துவதற்காகவே நான்காவது செய்மதியொன்று வேண்டப்படுகிறது. இது நுட்பமான கணக்கு. ஆனால் ஓர் அருமையான சிக்கனமும் இதில் உண்டு. விலைமதிப்பற்ற கடிகாரங்களை வானத்திலே வைத்துவிட்டபடியால், நம் கைப்பெட்டி மலிவாய் இருக்க முடிகிறது.

பொதுமக்களும் இதனை உபயோகிக்கலாம் என்று அமெரிக்க அரசு அறிவித்தது ஒரு துயரத்தின் பின்னராகும். 1983 செப்ரெம்பரிலே கொரிய நாட்டுப் பிரயாணிகள் விமானமொன்று வழி விலகிச் சோவியத் எல்லைக்குட் சென்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன்பின்னரே, ஏற்பாடு நிறைவெய்தியதும் அது எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. அவ்வாறு திறந்தபோதும், பொதுமக்களுக்குரிய அலையிலே வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். 100 மீற்றர்வரை பிசகு ஏற்படலாம். 2000ஆம் ஆண்டு மே மாதத்திலே அக்கலப்பு நிறுத்தப்பட்டது. மோட்டார் வண்டிக்கான கைப்பெட்டிகள் வீட்டுக்கு வீடு பரவியது அதற்குப் பின்னரேயாம். இன்று திறந்த வானத்தின்கீழ் ஐந்து மீற்றர் அளவிலே இடம் காணலாம். ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளும் இப்போது உள்ளன. புதிய கருவிகள் அவற்றையும் கேட்கின்றன.

இவ்வளவையும் விரித்துரைத்தது ஒரு காரணம் பற்றியே. வானத்திலிருந்து வருவது எல்லோர்க்கும் ஒன்று. அதற்குக் கட்டணமும் இல்லை. ஆகையால் “இன்ன இடத்தில் நிற்கிறாய்” என்று கூறுவதிலே மலிவான பெட்டிக்கும் விலையுயர்ந்த பெட்டிக்கும் உள்ள வேற்றுமை சொற்பமே. ஆனால் செய்மதிக்கு வீதி தெரியாது. பாலம் தெரியாது. உங்கள் மாமியார் வீட்டு ஒழுங்கை தெரியாது. அவையெல்லாம் பெட்டிக்குள் எவரோ எழுதிவைத்த தேசப்படத்தில் உள்ளன, அல்லது இல்லை.

பாலம் தெரியாத பெட்டி

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் பூநகரி வந்து, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து குடாநாட்டினுள் நுழைவது இன்று எல்லோரும் அறிந்த வழி. இப்பாலம் 2011 ஜனவரியிலே திறக்கப்பட்டது. அதற்கு முந்திய தேசப்படம் உள்ள பெட்டியோ பூநகரியில் உங்களைத் திருப்பிப் பரந்தனுக்கு அனுப்பி, அங்கிருந்து ஆனையிறவு வழியாகச் சுற்றச் சொல்லும். கண்முன்னே பாலம் நீண்டு கிடக்க, பெட்டி “திரும்புக, திரும்புக” என்று கூவிக்கொண்டிருக்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் வந்தது. கொட்டாவையிலிருந்து காலி நோக்கிய அதிவேக நெடுஞ்சாலை 2011இல் வந்தது. கட்டுநாயக்காவுக்கான அதிவேக வீதி 2013இல் வந்தது. வலிகாமம் வடக்கிலே பல்லாண்டுகள் மூடிக் கிடந்த வீதிகள் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டு வந்துள்ளன. பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே நம் நாட்டின் வீதிப்படம் இவ்வளவு மாறியிருக்க, பழைய படத்தோடு விற்கப்படும் புதிய பெட்டி எவ்வளவு மலிவாயினும் மலிவன்று.

தேசப்படத்தின் பிழை கேலிக்குரிய சங்கதி மட்டுமன்று என்பதற்கு அவுஸ்திரேலியாவிலே நிகழ்ந்ததொன்றைச் சொல்லலாம். 2012ஆம் ஆண்டின் இறுதியிலே, அப்பிள் கம்பனி தன் கைத்தொலைபேசிகளுக்கென வெளியிட்ட புதிய தேசப்படத்தில், மில்டியூரா என்னும் பட்டினம் அது இருக்குமிடத்துக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் அப்பால், தண்ணீரற்ற வனாந்தரப் பூங்காவொன்றின் நடுவே குறிக்கப்பட்டிருந்தது. அதனை நம்பிச் சென்றோர் சிலர் அங்கே அகப்பட்டுக்கொண்டனர். அவர்களுட் சிலர் இருபத்து நான்கு மணி நேரம்வரை உணவும் நீருமின்றித் தவித்தனர். வெயில் 46 பாகை செல்சியஸ்வரை ஏறக்கூடிய பிரதேசம் அது. உயிராபத்து நேரலாமென்று விக்ரோறியாப் பொலிசார் பகிரங்க எச்சரிக்கை விடுத்தனர். கவனிக்க: அவர்களுடைய கருவிகளிலே யாதொரு பழுதும் இல்லை. செய்மதிகள் கூறியதும் பிழையன்று. பட்டினத்தைக் குறித்த புள்ளியொன்றே பிழை.

கனடாவிலிருந்து வரும் பரிசு

நம்மவர் குடும்பங்களிலே இன்று ஒருவராவது கடல் கடந்து வாழ்கின்றார். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மைத்துனர், “அத்தான், உங்களுக்கு என்ன கொண்டுவர?” என்று கேட்பார். அங்கே எல்லோரும் கைத்தொலைபேசிக்கு மாறிவிட்டபடியால், அவருடைய வீட்டு இழுப்பறையிலே பழைய வழிகாட்டிப் பெட்டியொன்று சும்மா கிடக்கும். அதனைக் கொண்டுவந்து கொடுப்பார். அன்பிலே குறையில்லை. ஆனால் அதனுள்ளே இருப்பது வட அமெரிக்காவின் தேசப்படம். பெட்டி நம் செய்மதிகளைக் கேட்கும். நாம் நிற்கும் இடத்தையும் சரியாகக் கண்டுகொள்ளும். பின் வெறும் தரையிலே ஓர் அம்புக்குறியை மாத்திரம் காட்டும். வீதியொன்றும் இராது. கொக்குவிலின் நடுவே நின்றாலும் நடுக்கடலில் நிற்பது போலவே தோன்றும்.

இத்தகைய பெட்டியை எறிந்துவிடவேண்டாம். உலக மக்கள் பலர் கூடி வரைந்துவரும் ‘ஓப்பன்ஸ்ரீட்மப்’ என்னும் பொதுத் தேசப்படம் 2004ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொடங்கப்பெற்றது. அதனை எவரும் இலவசமாகப் பெறலாம். இலங்கையின் வீதிகளும் ஒழுங்கைகளும் அதிலே தொண்டர்களாற் குறிக்கப்பட்டுள்ளன. பிழை கண்டவர் தாமே திருத்தலாம். கார்மின் கம்பனியின் கருவிகளுக்கு ஏற்றவாறு மாற்றப்பட்ட படங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டிலே கணினி அறிந்த பிள்ளையொன்று இருந்தால், அதனை ஒரு சிறு நினைவட்டையிலே பதிந்து பெட்டியிற் செருகிவிடும். ஆனால் எல்லாக் கம்பனிகளும் பிறர் வரைந்த படத்தைத் தம் பெட்டிக்குள் அனுமதிப்பதில்லை; ரொம்ரொம் பெட்டிகள் அதற்கு இடங்கொடா. ஆகவே மைத்துனருக்கு எழுதும்போது, கம்பனிப் பெயரையும் மாதிரி இலக்கத்தையும், நினைவட்டை செருகும் துவாரம் உண்டா என்பதையும் கேட்டெழுதுதல் நன்று. மலிவுப் பெட்டியொன்றுக்கு இத்துவாரம் இருப்பது, பெரிய திரை இருப்பதனிலும் மேலான குணம்.

“வாழ்நாள் முழுவதும் தேசப்படம் இலவசம்” என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ்வோருக்கு ஒரு வார்த்தை. அங்கே கூறப்படும் வாழ்நாள் உங்களுடையதன்று, பெட்டியினுடையது. பெட்டிக்கு எப்போது வாழ்நாள் முடிந்தது என்று தீர்மானிக்கிறவரோ அதனைச் செய்த கம்பனியார். 2018ஆம் ஆண்டிலே ரொம்ரொம் கம்பனி தன் பழைய மாதிரிகள் பலவற்றுக்கு இனிப் புதிய படம் இல்லையென அறிவித்தபோது, வாழ்நாட் சலுகையென நம்பி வாங்கியவர்கள் மனங் கசந்தனர். ஆகவே, “இலவசமா?” என்பதோடு, “இந்த மாதிரிக்கு, இலங்கைப் படத்துக்கு, கடைசியாக எப்போது புதுப்பிப்பு வந்தது?” என்றும் கேளுங்கள். கடைக்காரர் விடை கூறத் தடுமாறினால் அவர் முகமே விடை சொல்லிவிடும்.

பெயரே தெரியாத, கம்பனி முகவரியற்ற பெட்டிகள் சிலவும் சந்தையில் உண்டு. ஏழு அங்குலத் திரை, படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம் என்று விளம்பரம் பெரிதாயிருக்கும். இவற்றுட் பலவற்றிலே உள்ள தேசப்படம் உரிமையின்றிப் பிரதி செய்யப்பட்டது. அதனைப் புதுப்பிக்க வழியே இல்லை. வண்டியோட்டிக்கு ஓடும்போது சினிமாப் படம் எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

ஊர்ப் பெயர் என்னும் தொல்லை

தேசப்படம் நன்றாயிருந்தும் நம்மவர் பெரிதும் இடர்ப்படும் இடம் ஒன்று உண்டு. அஃது ஊர்ப் பெயரை எழுதும் இடம். கருவி கேட்பது ஆங்கில எழுத்து. பருத்தித்துறை என்று நாம் சொல்லும் ஊர் அதற்குப் ‘பொயின்ற் பீட்றோ’, ஊர்காவற்றுறை ‘கயிற்ஸ்’, ஆனையிறவு ‘எலிபன்ற் பாஸ்’, நெடுந்தீவு ‘டெல்வ்ற்’. இறுதியிற் கூறிய பெயரை எழுதும்போது நாட்டின் பெயரையும் சேர்த்து எழுதாவிடின், ஒல்லாந்து தேசத்திலுள்ள அதே பெயர்ப் பட்டினத்துக்கு எத்தனையாயிரம் கிலோமீற்றர் என்று கணக்கிடத் தொடங்கும் கருவிகளும் உண்டு. ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயரை நம் தீவுக்கு இட்டதன் வட்டியை நாம் இன்றும் செலுத்துகின்றோம்!

வட்டுக்கோட்டை, சாவகச்சேரி, புங்குடுதீவு முதலியனவற்றை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவதுபோல மற்றவர் எழுதுவதில்லை. ஓர் எழுத்து இரட்டித்தாலும் குறைந்தாலும், அப்படி ஓர் ஊரே இல்லையென்று சில பெட்டிகள் சாதிக்கும். சில பெட்டிகளோ முதல் நாலைந்து எழுத்தைக் கண்டவுடனே ஒத்த பெயர்களையெல்லாம் வரிசையாய் நிறுத்தும். பின்னைய வகையே நமக்கு உகந்தது. ஒரே பெயர் இரண்டு ஊர்களுக்கு வருவதும் உண்டு. காரைதீவு என்றால் விபுலானந்த அடிகள் பிறந்த கிழக்கிலங்கை ஊர் நினைவுக்கு வரும். புத்தளம் பகுதியிலும் ஒரு காரைதீவு உண்டு. யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்னாளிலே அதுவே பெயர். ஆகவே பெயரைத் தெரிந்தெடுத்தவுடன் புறப்பட்டுவிடாமல், கருவி காட்டும் மொத்தத் தூரத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றரளவு என்பதை நாம் அறிவோம்; கருவி 140 என்றால் வேறெங்கோ கூட்டிச் செல்லப் போகிறது.

பிறிதொரு சங்கதி. பெட்டியை முதன்முதல் இயக்கும்போது, “விரைவான வழியா, குறுகிய வழியா?” என்று கேட்கும். சிக்கனம் விரும்புவோர் குறுகிய வழி என்று அமுக்கிவிடுவர். மைல் குறைந்தால் பெற்றோலும் குறையுமன்றோ என்பது அவர்கள் கணக்கு. அவ்வாறு அமுக்கினால், குளக்கட்டு, வயல் வரம்பு, காட்டுத் தடம் எல்லாம் பெட்டிக்கு வழியேயாகிவிடும். வன்னியிலும் ஹபரணைப் பக்கத்திலும் பொழுதுபட்ட பின் அத்தகைய தடத்திலே செல்வோர் யானையை எதிர்கொள்ள நேரும். யானை நமக்காகப் பின்னோக்கிச் செல்லாது. நாம்தான் செல்லவேண்டும், அதுவும் இருளில், ஒற்றைத் தடத்தில். ஆகையால் விரைவான வழி என்பதையே தெரிந்தெடுத்து, செப்பனிடப்படாத வீதிகளைத் தவிர்க்கும் கட்டளையையும் இட்டுவைத்தல் அவசியம். இக்கட்டளை இல்லாத பெட்டியை நான் எவருக்கும் சிபாரிசு செய்யேன்.

இழுப்பறையிற் கிடக்கும் மலிவான கருவி

இவ்வளவும் படித்த வாசகர், “கைத்தொலைபேசி இருக்கும்போது இப்பெட்டி எதற்கு?” என்று கேட்பது இயல்பே. 2009 ஒக்ரோபரிலே கூகிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசி வழிகாட்டியை இலவசமாக வழங்கப் போவதாக அறிவித்த அன்றே, கார்மின், ரொம்ரொம் ஆகிய கம்பனிகளின் பங்கு விலை சரிந்து வீழ்ந்தது. பங்குச் சந்தையின் கணிப்புப் பொய்க்கவில்லை. இன்று நகரத்துக்குள்ளே மாத்திரம் வண்டி செலுத்துவோருக்குத் தனிப்பெட்டி வேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். எந்தச் சந்தியிலே நெரிசல் என்பதைத் தொலைபேசி உடனுக்குடன் கூறும். மலிவான தனிப்பெட்டியிடம் அதனை எதிர்பார்த்தல் கூடாது. தொலைபேசி வழிகாட்டி தமிழிலும் பேசும்.

ஆனால் தொலைபேசிக்கும் குறைகள் உண்டு. தேசப்படத்தை அது பெரும்பாலும் செல்லும் வழியிலேயே இணையத்தினின்று இறக்கிக்கொள்கிறது. மலைநாட்டின் பள்ளத்தாக்குகளிலும் காட்டு வீதிகளிலும் இணைப்பு அறுந்தால், அம்பு ஓடும், வீதி மறைந்துவிடும். நம் நாட்டு வெயிலிலே முன்கண்ணாடியருகே ஒரு மணி நேரம் வைத்த தொலைபேசி சூடேறித் திரை மங்குவதும், தானே அணைந்து போவதும் பலர் கண்டதே. எல்லாவற்றிலும் மேலாக, வழிகாட்டிக்கொண்டே மின்கலம் தீர்ந்துவிட்டால், வண்டி பழுதுபட்ட இடத்திலிருந்து வீட்டாரை அழைக்கவும் கருவியில்லாமற் போய்விடும். வழி பார்ப்பதும் ஆளை அழைப்பதும் ஒரே பெட்டியாயிருப்பது நெடும் பிரயாணத்திலே அபாயம்.

இதற்கு மிகச் சிக்கனமான பரிகாரம் ஒன்று உண்டு. கடைக்காரர் எவரும் இதனைச் சொல்லமாட்டார். புதிய தொலைபேசி வாங்கியபின் இழுப்பறையிலே போட்டு மறந்த பழைய தொலைபேசியை எடுங்கள். அதற்குச் சிம் அட்டை வேண்டியதில்லை. செய்மதிகளைக் கேட்கும் உறுப்பு அதனுள்ளேயே இருக்கிறது. அதற்கு இணையமும் வேண்டியதில்லை. வீட்டிலே இணைய வசதி உள்ளபோது, ‘ஓகானிக் மப்ஸ்’, ‘ஓஸ்மாண்ட்’ போன்ற செயலியொன்றையும் இலங்கை முழுவதற்குமான தேசப்படத்தையும் இறக்கி வைத்துக்கொண்டால், அதுவே தனி வழிகாட்டிப் பெட்டி. கூகிள் வழிகாட்டியிலும் ஒரு பிரதேசத்தின் படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். அது குறித்த காலத்திலே காலாவதியாகும் என்பதை மாத்திரம் மறவாதிருக்க வேண்டும். இப்பரிகாரத்துக்கு ஆகும் செலவு, கண்ணாடியிலே பற்றிப் பிடிக்கும் நல்ல தாங்கியொன்றின் விலையும், சிகரெட் லைட்டர்த் துவாரத்திலே செருகும் மின்னூட்டியின் விலையுமே. இவ்விரண்டிலும் சிக்கனம் பிடிக்கவேண்டாம். மலிவான தாங்கி வெயிலிலே பிடி தளர்ந்து, கடுகண்ணாவை வளைவிலே சாரதியின் காலடியில் விழும். அந்நேரம் அதனை எடுக்கக் குனிவதைப் போன்ற விபரீதம் வேறில்லை.

அப்படியானால் தனிப்பெட்டி எவருக்குத்தான் ஏற்றது? வாடகை வாகனம் ஓட்டி மாதத்திற் பாதி நாளை வெளியூரிலே கழிப்பவருக்கு ஏற்றது. தொலைபேசியின் நுணுக்கங்களோடு மல்லுக்கட்ட விரும்பாத வயோதிபருக்கும் ஏற்றது. பெட்டிக்கு ஒரே வேலை, ஒரே திரை, இடையிலே அழைப்பு மணி அடித்துக் குழப்புவதில்லை. அவர்கள் வாங்கும்போது ஐந்து அங்குலத் திரை போதுமானது. அதனிற் பெரியது சிறிய வண்டியிலே வீதியை மறைக்கும். திரை வெயிலிலே தெரிகிறதா என்பதைக் கடைக்குள்ளே விளக்கொளியிற் பாராமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். உள்ளிருக்கும் மின்கலம் ஒரு மணி நேரத்துக்குக் கூடத் தாங்காதிருக்கலாம். வண்டியிலிருந்தே மின்சாரம் பெறுவதாகையால் அது பெருங் குறையன்று.

பழைய பெட்டி வாங்குவோருக்கு

ஒருமுறை உபயோகித்த பெட்டியை மலிவாக வாங்குவதிலே தவறில்லை. ஆயினும் அதனை இயக்கி, திரையிலே தோன்றும் திகதியை முதலிற் பாருங்கள். காரணம் விசித்திரமானது. ஜீ.பீ.எஸ். செய்மதிகள் வாரங்களை எண்ணிக்கொண்டு வருகின்றன. 1980 ஜனவரி 6ஆந் திகதி தொடங்கிய எண்ணிக்கை அது. ஆனால் 1,024 வாரங்கள் ஆனதும் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். 1999 ஓகஸ்டிலே ஒருமுறை அவ்வாறு திரும்பியது. 2019 ஏப்பிரில் 6ஆந் திகதி இரவு மறுமுறை திரும்பியது. பழைய பெட்டிகள் சில இதனை அறியாது ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிட்டன. திகதி பிழைத்தால், போய்ச்சேரும் நேரமும் பிழைக்கும். சிலவற்றிலே இடமும் பிழைக்கும். கம்பனி வழங்கிய திருத்தத்தை ஏற்றியிருந்தாற் குற்றமில்லை. திகதி சரியாகக் காட்டாத பெட்டியை இனாமாகத் தந்தாலும் பயனில்லை. அடுத்த திருப்பம் 2038 நவம்பரில். அதுவரை கவலை வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி முதல் நாளிலே நெடுநேரம் செய்மதியைக் காணாமல் விழித்தால், அது பழுதென்று எண்ணிவிடாதீர்கள். எந்தச் செய்மதி எங்கே இருக்கும் என்ற பஞ்சாங்கத்தைச் செய்மதிகளிடமிருந்தே அது மீண்டும் கேட்டெழுத வேண்டியிருக்கிறது. முழுப் பஞ்சாங்கத்தையும் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். முற்றத்திலே, மரநிழல் இல்லாத இடத்திலே, அசையாமல் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தேநீர் அருந்திவிட்டு வாருங்கள்.

கடையிலே பணங் கொடுக்குமுன் செய்யத்தக்க பரீட்சை ஒன்று. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வழி கேளுங்கள். சங்குப்பிட்டி வழியாக வருகிறதா என்று பாருங்கள். பின் உங்கள் சொந்த ஊரின் பெயரை எழுதி, உங்கள் வீட்டு ஒழுங்கை படத்திலே இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வொழுங்கையை உலகத்திலே உங்களைப்போல் அறிந்தவர் வேறில்லை. ஆகவே விற்பனையாளர் உங்களை ஏமாற்ற இயலாது.

ஒழுங்கை இல்லாவிடினும் ஒரு வழியுண்டு. இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் எண்ணாகவே எழுதப் பெரும்பாலான பெட்டிகள் இடந்தரும். யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய வடக்கு 9.66, கிழக்கு 80.02. தசமத்தின் பின் நான்கு இலக்கம் எழுதினால் பதினொரு மீற்றரளவு திருத்தத்தோடு ஒரு படலையையே குறித்துவிடலாம். ஆனால் 9.66 பாகை என்பது 9 பாகை 66 கலை அன்று. 9 பாகை 39.6 கலை. பெட்டி எம்முறையிலே கேட்கிறது என்பதைக் கவனித்து எழுதவேண்டும். இந்நாளிலே கலியாண அழைப்பிதழ்களிலே மண்டபத்தின் இடத்தைக் காட்ட ஒரு கறுப்புச் சதுரக் குறி அச்சிடுகின்றார்கள். தொலைபேசி அதனை வாசிக்கும். தனிப்பெட்டியால் வாசிக்க இயலாது. அழைக்க வந்த வீட்டாரிடம் அவ்விரண்டு எண்களையும் கேட்டு அழைப்பிதழின் புறத்திலே குறித்துக்கொண்டு, புறப்படுவதற்கு முதல்நாள் மாலையே பெட்டியில் எழுதி வைத்துவிடுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு, எல்லோரும் சேலையும் வேட்டியுமாய் வண்டிக்குள் ஏறியமர்ந்து காத்திருக்கும்போது எழுதத் தொடங்கவேண்டாம்.